அண்ணன் பையன் ரக்பிதான் பொழப்புன்னு நிக்கிறான், இது ஆகற காரியமா?

அடிவாரம்_சித்தப்பா

எல்லாருக்கும் வணக்கங்க. இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆளு நானு, இன்னைக்கு நானே கேக்கற மாதிரி ஆயிருச்சு. எங்க அண்ணன் பையனுக்கு 17 வயசு, ப்ளஸ் டூ படிக்கறான், ஊரு ஏற்காடு அடிவாரம் பக்கம். பொங்கலுக்கு நடக்கற கபடில லெஃப்ட் கார்னர்ல நிப்பான், அவன் கையில கணுக்கால் மாட்டுச்சுன்னா ரெய்டு வந்தவன் கோட்டத் தொட முடியாது. 2025 ஜூன்ல மும்பைல ரக்பி பிரீமியர் லீக் நடந்துச்சுல்ல, சென்னை புல்ஸ் கப்பு அடிச்சாங்களே, அதைப் போன்ல பாத்ததுலருந்து கபடிய விட்டுட்டு அந்த நீட்டுப் பந்தைத் தூக்கிட்டுத் திரியறான். இப்ப காலேஜே வேண்டாம், நேரா ரக்பில ப்ரொஃபெஷனலா போறேங்கறான். எங்கண்ணன் வெள்ளிக் கொலுசுப் பட்டறைல வேலை பாக்கறாரு. அப்பனும் மகனும் பேசி ரெண்டு வாரம் ஆச்சு, சோறு போடறப்பக்கூட அண்ணி மூலமாத்தான் பேச்சு. நடுவுல நான் நிக்கிறேன். ஒரு ரக்பி ஆட்டக்காரன் வாழ்க்கை மொதல்லருந்து கடைசி வரைக்கும் எப்படிப் போகும், எந்த வயசுல என்ன ஆகும், காசு எவ்வளவு வரும், ஒடம்பு என்ன ஆகும், முடிஞ்சப்புறம் என்ன பண்றாங்க, இது தெரிஞ்சவங்க இருந்தா உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அவனை அடக்கறதுக்காகக் கேக்கல, எனக்கே தெரிஞ்சுக்கணும்.

மாங்கனி_நகரம்

படிப்பை விட்டுட்டு எந்த வெளையாட்டும் வேண்டாங்க. சின்னப்பம்பட்டி நடராஜன், பெரியவடகம்பட்டி மாரியப்பன், ரெண்டு பேரும் நம்ம மாவட்டத்துக்கே பெருமை, நான் இல்லைங்கல. ஆனா அவங்க கூடவே அதே மைதானத்துல ஓடி, வராமப் போனவங்க எத்தனை பேரு. அதுவும் கிரிக்கெட்டுக்குப் பாக்கறதுக்குக் கூட்டம் இருக்கு, காசு இருக்கு. ரக்பிக்கு நம்ம சேலத்துல போஸ்ட் நட்ட கிரவுண்டைக் காட்டுங்க பாப்போம்.

கார்டிஃப்_அஸ்தம்பட்டி

அண்ணா வணக்கம். நான் அஸ்தம்பட்டிதான், இப்ப வேல்ஸ்ல கார்டிஃப்ல பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். இங்க ரக்பின்னா நம்ம ஊரு கிரிக்கெட் மாதிரி, ஆடி முடிச்சவங்க தோளு, முட்டி, கழுத்துன்னு எங்கிட்ட வருவாங்க. அதனால கிரவுண்டுக்கு வெளிய இருக்கற பக்கத்தை நான் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. ரக்பி யூனியன்ல, அதாவது 15 பேரு ஆடற ரக்பில, 1995 ஆகஸ்ட் 26 வரைக்கும் சம்பளமே கெடையாது. அன்னைக்குத்தான் காசு வாங்கிட்டு ஆடலாம்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி சுரங்கத் தொழிலாளி, வாத்தியார், போலீஸ்காரங்கதான் சனிக்கிழமை நாட்டுக்கு ஆடிட்டு திங்கக்கிழமை வேலைக்குப் போனாங்க. ஜே.பி.ஆர். வில்லியம்ஸ்னு வேல்ஸ் ஃபுல்பேக் (எல்லாருக்கும் பின்னாடி கடைசியா நிக்கறவரு), வேல்ஸுக்கு 55 டெஸ்ட், அதாவது நாட்டு டீம் மேட்ச், ஆடுனவரு, ஆடிட்டே டாக்டருக்குப் படிச்சு எலும்பு சர்ஜன் ஆனாரு. இங்க பெரியவங்க அவரைப் பத்திப் பேசறப்ப ட்ரையை (பந்தை எதிர் டீம் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில வெச்சு எடுக்கற பாயிண்ட்) விட ஆபரேஷனைப் பத்தித்தான் அதிகம் பேசுவாங்க.

இப்ப இருக்கற வழி என்னன்னா 15, 16 வயசுல அகாடமில எடுப்பாங்க. 18-ல சின்னதா ஒரு கான்ட்ராக்ட், கையில நிக்கற சம்பளம் இல்ல. 20, 21-ல பெரிய டீமுக்கு ஏத்துவாங்க இல்லன்னா கையக் குலுக்கி அனுப்பிருவாங்க, இதுல அனுப்பப்படறவங்கதான் அதிகம். தப்பிச்சவங்களுக்கு 24-லருந்து 29, 30 வரைக்கும்தான் நல்ல காலம். விங்ல, அதாவது ஓரத்துல, ஓடறவங்களுக்கு வேகம் கொறைஞ்சதும் முடிஞ்சுது, ஸ்க்ரம்ல (ரெண்டு டீமும் கும்பலா குனிஞ்சு தோளால தள்ளறது) முன்னாடி நின்னு முட்டுற ப்ராப்புங்க முப்பத்தஞ்சு தாண்டியும் இழுப்பாங்க. ஆலன் வின் ஜோன்ஸ் மாதிரி வேல்ஸுக்கு 158, லயன்ஸுக்கு (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து சேந்த டீம்) 12-ன்னு 170 டெஸ்ட் ஆடறவங்க தலைமுறைக்கு ஒருத்தரு.

கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம், மூணு வருஷம். அந்தக் கடைசி வருஷத்துல முட்டி லிகமென்ட் கிழிஞ்சா ஒன்பது மாசம் ஆடாம உக்காரணும், அப்ப அடுத்த கான்ட்ராக்ட் யாரு குடுப்பா? எங்கிட்ட வர்ற பசங்க வலிய விட இதுக்குத்தான் அழுவாங்க அண்ணா. முட்டிய அமுக்கிப் பாக்கறப்ப என் மொகத்தையே பாத்துட்டு இருப்பாங்க.

காசு பத்தி சொல்லணும்னா, இங்கிலாந்து பிரீமியர்ஷிப்ல ஒரு கிளப் மொத்தமா குடுக்கற சம்பளத்துக்கே உச்சவரம்பு இருக்கு, 2024-25-லருந்து 64 லட்சம் பவுண்டு. அதுல நாலஞ்சு ஸ்டாருக்குப் போனது போக மிச்சத்தை முப்பத்தஞ்சு, நாப்பது பேரு பிரிச்சுக்கணும். அதுவும் கிளப் நிக்கற வரைக்கும்தான். 2022 செப்டம்பர்ல வூஸ்டர், அக்டோபர்ல வாஸ்ப்ஸ், 2023 ஜூன்ல லண்டன் ஐரிஷ், மூணு கிளப்பு ஒரே சீசன் கணக்குல கடனாகி விழுந்துருச்சு. வாஸ்ப்ஸ் ரெண்டு தடவை ஐரோப்பா சாம்பியன். நேத்து வரைக்கும் டிவில ஆடுனவங்க மறுநாள் வேலை தேடுனாங்க.

மாங்கனி_நகரம்

நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க மேடம்.

கார்டிஃப்_அஸ்தம்பட்டி

இல்லைங்க. நீங்க வேண்டாம்னு சொல்றீங்க, நான் கணக்கைச் சொல்றேன். கணக்கு தெரிஞ்சுட்டு எறங்கறவன் வேற.

சேர்வராயன்_மிளகு

இந்த இழையைப் பாத்ததும் கை நிக்கல. நான் ஏற்காட்டுல காப்பியும் மிளகும் வெச்சிருக்கேன், ரக்பி ஆடுனதில்ல, ஆனா ஒரு ஆளுக்காக இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேன், ஜோனா லோமு. 1999 வேர்ல்ட் கப் அரையிறுதிய ஒரு எஸ்டேட் பங்களால கேபிள்ல பாத்தேன், வெளிய நல்ல மழை, படம் வந்து வந்து போகுது. நியூசிலாந்தும் பிரான்ஸும். ஆறடி அஞ்சு அங்குலம், 118 கிலோ இருக்கற ஆளு விங்ல, பந்து கைக்கு வந்ததும் நாலு பேரைத் தோள்ல தொங்க விட்டுட்டே ஓடுறாரு. ரெண்டு ட்ரை அடிச்சாரு, ஆனாலும் பிரான்ஸ் 43-31-ன்னு ஜெயிச்சுட்டாங்க.

அன்னைக்கு எனக்குத் தெரியாத விஷயம், அவருக்கு அப்பவே சிறுநீரகம் கெட்டுட்டு இருந்துச்சு. 1994-ல 19 வயசுல நியூசிலாந்துக்கு ஆடுன ஆளு, 1995 வேர்ல்ட் கப் அரையிறுதில இங்கிலாந்து மேல நாலு ட்ரை போட்டு உலகமே எந்திரிச்சு நின்னுச்சு. அந்த வருஷக் கடைசில நோயக் கண்டுபுடிச்சாங்க. அப்படியிருந்தும் 63 டெஸ்ட், 37 ட்ரை, வேர்ல்ட் கப்ல மட்டும் 15. இவ்வளவும் ஒடம்பு முழுசா ஒத்துழைக்காத ஒரு மனுஷன் செஞ்சது. 2003-ல டயாலிசிஸ், 2004-ல ஒரு நண்பர் குடுத்த கிட்னி. அதுக்கப்புறமும் விடாம 2005-ல திரும்பி வந்து ஆடுனாரு, அதுவும் அந்தப் பொண்ணு இருக்கற கார்டிஃப் கிளப்புக்குத்தான். 2011-ல அந்த கிட்னியும் போச்சு, 2015 நவம்பர் 18, நாப்பது வயசுல போய்ட்டாரு. ரக்பியையே உலகம் பூரா டிவில விக்க வெச்ச மனுஷன் போனதுக்கப்புறம் ரெண்டு பசங்களுக்காக அந்த நாட்டு வீரர்கள் சங்கம் ஒரு அறக்கட்டளை ஆரம்பிக்க வேண்டியிருந்துச்சு. இதை நெனச்சா இன்னும் தொண்டைய அடைக்குது.

தம்பிகிட்ட அவரு 1995 ஆட்டத்தையும் காட்டுங்க, இதையும் சொல்லுங்க. ரெண்டும் சேந்ததுதான் லோமு.

அடிவாரம்_சித்தப்பா

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. தங்கச்சி எழுதுனதை அவங்கிட்டப் படிச்சுக் காட்டுனேன். மூணு கிளப்பு விழுந்த கதைக்கு அமைதியாயிட்டான். ஆனா ஒண்ணு கேட்டான், வெளிநாட்டுக்காரங்க எல்லாம் மலை மாதிரி இருக்காங்க, நான் 72 கிலோ, அஞ்சடி எட்டு அங்குலம், என்னால முடியுமான்னு. எனக்குப் பதில் தெரியல.

பழைய_ஃப்ளாங்கர்

இதுக்கு நான் வரேன். ஓமலூர் பக்கம் எனக்கு, சென்னைல காலேஜ் படிக்கறப்ப அஞ்சு வருஷம் ரக்பி ஆடுனேன், மாநில டீம் வரைக்கும் போனேன்.

சைஸ் பத்தி பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. தென்னாப்பிரிக்கா செஸ்லின் கோல்பி தம்பியை விட ஒசரம் கம்மி, 2019 வேர்ல்ட் கப் ஃபைனல்ல இங்கிலாந்து கேப்டனையே காலால ஏமாத்திட்டு ட்ரை போட்டாரு. அந்துவான் டுப்போன் ஒசரமும் தம்பி ஒசரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பிரான்ஸ் கேப்டன், 15 பேரு ஆட்டத்துலருந்து செவன்ஸுக்கு வந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல தங்கம் வாங்குனாரு. நம்ம நாட்டுல ஆடறது பெரும்பாலும் செவன்ஸ்தான், ஏழு பேரு, ஏழு நிமிஷம் ஒரு பாதி. அதுல கொழுப்பு தாங்காது, கபடிக்காரன் ஒடம்புதான் சரியான ஒடம்பு.

ஆனா கபடிலருந்து வர்றவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, அதை மொத மாசமே மாத்தணும். கார்னர்ல இருக்கறவன் குனிஞ்சு தலைய முன்னாடி நீட்டிக் கணுக்கால்ல பாய்வான். ரக்பில எதிர வர்றவன் முழு ஓட்டத்துல வரான், தலைய அவன் முன்னாடி வெச்சா முட்டி நேரா நெத்தில எறங்கும். தலை எப்பவும் அவன் ஒடம்புக்குப் பின் பக்கம், கன்னம் அவன் இடுப்போட ஒட்டி, தோள்தான் மொதல்ல படணும், அப்புறம் ரெண்டு கையும் சுத்தி இறுக்கணும். இதை மெதுவா, மண்டி போட்டு, நூறு தடவை. எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரல.

என் கதையச் சொல்லிடறேன், பேரெல்லாம் வேண்டாம். ரெண்டாவது வருஷம் ஒரு டோர்னமென்ட்ல எங்க டீம் ஆளு முட்டியே என் பொட்டுல பட்டுச்சு. எந்திரிச்சேன், ஆனா எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியல, எதிர் டீம் லைன்ல போய் நின்னேன். எங்களைப் பாத்துட்டு இருந்தவரு தண்ணிய ஊத்திட்டு ஆடுடான்னாரு, மாத்து ஆளு இல்ல. ஆடுனேன். அன்னைக்கே சாயங்காலம் இன்னொரு மேட்சும் ஆடுனேன். ரூமுக்கு எப்படி வந்தேன்னு இன்னைக்கும் ஞாபகம் இல்ல. நாலு மாசம் தலைவலி, வெளிச்சம் பட்டா வாந்தி, செமஸ்டர்ல மூணு பேப்பர் அரியர். வீட்டுல கண்ணாடி போடணும்னு சொல்லிட்டு இருந்தாங்க. அடில மூளை அதிர்ற அதுக்குக் கன்கஷன்னு பேருங்கறதே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அதனாலதான் சொல்றேன் அண்ணா, எலும்பு ஒடஞ்சா ஒட்டும், தலை அப்படி இல்ல. ஸ்டீவ் தாம்ப்சன்னு 2003-ல வேர்ல்ட் கப் ஜெயிச்ச இங்கிலாந்து டீம்ல ஹூக்கர், ஸ்க்ரம்ல முன் வரிசை நடுவுல நிக்கறவரு. 2020 டிசம்பர்ல தனக்கு டிமென்ஷியா வந்துருச்சுன்னு வெளிய சொன்னாரு, அப்ப வயசு 42. அந்த வேர்ல்ட் கப் ஜெயிச்சதே அவருக்கு ஞாபகம் இல்ல. கப்பைத் தூக்கற வீடியோவ வேற யாரையோ பாக்கற மாதிரி பாக்கறாரு. அவரும் இன்னும் பல பழைய ஆட்டக்காரங்களும் சேந்து ரக்பி அமைப்புங்க மேல வழக்கே போட்டிருக்காங்க.

கார்டிஃப்_அஸ்தம்பட்டி

ஃப்ளாங்கர் அண்ணா சொன்னது அத்தனையும் நெஜம். இப்ப பெரிய மேட்ச்ல தலைல அடின்னு சந்தேகம் வந்தாலே வெளிய கூட்டிட்டுப் போய் டாக்டர் தனியா சோதிப்பாங்க, 2022-லருந்து கன்கஷன் ஆன பெரும்பாலான ப்ரொஃபெஷனல் ஆட்டக்காரங்க கொறைஞ்சது 12 நாள் மேட்ச் ஆடக் கூடாது. ஆனா சேலத்துல ஒரு கிரவுண்டுல டாக்டர் எங்க இருக்கப் போறாங்க? அங்க சட்டம் இன்னும் எளிமை, சந்தேகம்னாலே அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது, திரும்ப எறங்கக் கூடாது. யாரு திட்டுனாலும் சரி. வீட்டுல ஒருத்தருக்காவது அறிகுறி தெரிஞ்சிருக்கணும்: கேட்டதையே திரும்பக் கேக்கறது, வாந்தி, ஒரு மாதிரி மந்தமா பதில் சொல்றது, தூக்கம் மாறுறது, காரணமில்லாத கோவம். அவனா சொல்ல மாட்டான் அண்ணா, டீம்லருந்து எடுத்துருவாங்கன்னு மறைப்பான். நீங்கதான் பாக்கணும்.

கோரிமேடு_அம்மா

நடுவுல வரேன், மன்னிக்கணும். எம்பொண்ணும் இதே ஆட்டத்தைக் கேக்கறா, ஒன்பதாவது. பொண்ணுங்களுக்கு இதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?

பழைய_ஃப்ளாங்கர்

இருக்குங்கக்கா. இந்தியப் பொண்ணுங்க 15 பேரு ஆட்டத்துல மொத மொதலா ஜெயிச்சது 2019-ல, சிங்கப்பூரை 21-19. அந்த டீம்ல ஒடிசா பழங்குடிப் பொண்ணுங்க நெறைய, பீகார்லயும் நல்லா வளந்துட்டு இருக்கு. பசங்களை விட நம்ம பொண்ணுங்க ஆசியாவுல முன்னாடி இருக்காங்க. ஒன்பதாவதுன்னா ஆளைக் கீழ தள்ளாம ஆடற டச் ரக்பி, ஃப்ளாக் ரக்பில ஆரம்பிங்க, கீழ விழற பழக்கம் அப்புறம்.

மாங்கனி_நகரம்

நான் மொதல்ல எழுதுனது கொஞ்சம் வேகமா எழுதிட்டேன்னு தோணுது. ஆனா பொழப்புங்கற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. லோமு, டுப்போன் எல்லாம் சரி. அடிவாரத்துப் பையன் 30 வயசுல எதை வெச்சு வீட்டு வாடகை குடுப்பான்?

பழைய_ஃப்ளாங்கர்

நேரா சொல்றேன். இந்தியால ரக்பி மட்டும் ஆடி வருஷம் முழுக்க சம்பளம் வாங்கற நெலமை இன்னும் வரல. பிரீமியர் லீக் சில வாரம், சில பேருக்கு. அப்புறம் என்ன வழின்னா ராணுவம் ஒண்ணு, ஆர்மி டீம் தேசிய அளவுல கப்பு அடிக்கற டீம், ஆடறவங்களுக்கு வேலை கெடைக்கும். அரசு வேலைல விளையாட்டு ஒதுக்கீடு இன்னொண்ணு, தமிழ்நாட்டுல 3 சதவீதம். எந்த ஆட்டம், எந்த அளவு போட்டி கணக்குல வருதுங்கறதைக் காந்தி ஸ்டேடியத்துல இருக்கற மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல நேர்ல கேட்டுக்குங்க, வாய்ல சொன்னா போதாது, அரசாணையவே வாங்கிப் படிங்க. மூணாவது கோச், ரெஃப்ரி, பி.பி.எட். முடிச்சு ஸ்கூல்ல உடற்கல்வி ஆசிரியர். இதுல பல வேலைக்கு டிகிரி கேப்பாங்க. காலேஜ் வேண்டாங்கறான் பாருங்க, அங்கதான் தம்பி தப்பு பண்றான். அகில இந்திய பல்கலைக்கழகப் போட்டிக்குப் போறதுக்கே காலேஜ்ல பேரு இருக்கணுமில்ல.

சர்டிஃபிகேட் விஷயத்துல கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டு இருங்க. நான் மாநிலத்துக்கு ஆடுன வருஷத்துக்கு ஃபார்ம் 2 வாங்க ஒரு இடத்துக்குப் பதினோரு தடவை அலைஞ்சேன், கையெழுத்துப் போடறவரு இல்ல, முத்திரை இல்லன்னு. வாங்கறதுக்குள்ள நான் விண்ணப்பிச்ச வேலைக்குத் தேதி போயிருச்சு. போட்டி முடிஞ்ச அன்னைக்கே கேக்கணும், ஸ்கோர் ஷீட்ட போட்டோ எடுத்து வெக்கணும்.

செவ்வாப்பேட்டை_வெள்ளி

உங்க அண்ணன் கொலுசுப் பட்டறைன்னு சொன்னதால எழுதறேன், நானும் வெள்ளித் தொழில்தான், பொடி ஊதறது, பத்த வெக்கறது எல்லாம் பாத்து வளந்தவன். ரக்பி உலகத்துலயே ரொம்பப் பழைய கப்புங்கள்ல ஒண்ணு நம்ம நாட்டு வெள்ளிங்க. 1873-ல கல்கத்தால இங்கிலீஷ்காரங்க ஒரு ரக்பி கிளப் ஆரம்பிச்சாங்க. வெயிலுக்கு அந்த ஆட்டம் தாக்குப் புடிக்கல, ஆளு கொறைஞ்சு போச்சு, 1878-ல கிளப்பைக் கலைச்சாங்க. பேங்க்ல இருந்த காசை வெள்ளி ரூவாயா எடுத்து, 270 ரூவாய உருக்கி ஒரு கப்பு செஞ்சு இங்கிலாந்துக்குக் குடுத்தாங்க. மூணு கைப்பிடி, மூணும் நாகப்பாம்பு, மூடி மேல யானை. கல்கத்தா கப்புன்னு பேரு, 1879-லருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இதுக்காக மோதிட்டு இருக்காங்க.

அந்தக் காலத்து ஒரு ரூவா ஒரு தோலா, 11.66 கிராம். 270 தோலான்னா கிட்டத்தட்ட மூணு கிலோ நூத்தம்பது கிராம், டச்சு (வெள்ளியோட சுத்தம்) 91.6 சதவீதம். உங்க அண்ணன்கிட்ட அந்தப் பாம்பு கைப்பிடி போட்டோவக் காட்டுங்க, நம்ம வேலைக்காரங்க கண்ணு அதுல நின்னுரும்.

அடிவாரம்_சித்தப்பா

செவ்வாப்பேட்டை அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி பட்டறைலருந்து வந்த அண்ணன்கிட்ட அந்தக் கப்பு போட்டோவைக் குடுத்தேன், ஒண்ணும் சொல்லாம. பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கறாரு, செதில் ஒவ்வொண்ணும் கையால எறக்குனதுன்னு சொல்றாரு. இது எதுக்குன்னு கேட்டாரு. உங்க மகன் ஆடற ஆட்டத்துக்குன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு பையனைக் கூப்புட்டு, இந்தப் பந்தை ஏன் பின்னாடியே வீசறீங்கன்னு கேட்டாரு. அவ்வளவுதாங்க, ரெண்டு வாரத்துக்கப்புறம் மொதப் பேச்சு. முன்னாடி வீசக் கூடாதுங்கறதுதான்பா சட்டம், பின்னாடி குடுத்து முன்னாடி ஓடணும்னு அவன் பேப்பர்ல கோடு போட்டுக் காட்டறான், அண்ணி சோத்தை எடுத்து வெச்சுட்டு நிக்கிறாங்க.

பேசி முடிச்சது என்னன்னா, காலேஜ்ல சேரணும், டீம் இருக்கற ஊருலயே பாத்து சேக்கலாம்னு அண்ணனே சொன்னாரு. தலைல அடி பட்டா மறைக்கக் கூடாதுன்னு அவன் அம்மா தலைல கை வெச்சு சொன்னான். ஃப்ளாங்கர் தம்பி, நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சான், இன்னைக்குக் காலைல என்னை நிக்க வெச்சு மண்டி போட்டு டேக்கிள் பண்ணிப் பழகறான், தலை பின் பக்கம் வருதான்னு நான் பாத்துச் சொல்லணுமாம். ஞாயித்துக்கிழமை அடிவாரத்துலருந்து ஏழாவது ஊசி வளைவு வரைக்கும் ஓடிட்டு வரான், இருபதையும் ஒரு நாள் ஓடணுமாம்.

ஒரே ஒரு சின்னக் கேள்வி பாக்கி. பல்லுக்குப் போடற கார்டு, கடைல வாங்குனது வாய்ல நிக்க மாட்டேங்குது, கடிச்சு கடிச்சு துப்பறான். சேலத்துல நல்லதா எங்க கெடைக்கும்?

ஃபேர்லேண்ட்ஸ்_பல்

பல் டாக்டர் நான். கடைல விக்கறது சுடுதண்ணில போட்டுக் கடிக்கற ரகம், நல்லாப் பொருந்தலன்னா மூச்சு விடறதும் கஷ்டம், பேசறதும் கஷ்டம், அதான் துப்பறான். எந்தப் பல் டாக்டர்கிட்டயும் மேல் தாடைக்கு அளவெடுத்து மாவு அச்சு எடுத்து அதுமேல செஞ்சு தரச் சொல்லலாம், இறுக்கமா நிக்கும். பல்லையும் ஒதட்டையும் நல்லாக் காப்பாத்தும், கன்கஷனைத் தடுத்துரும்னு மட்டும் நம்பிட வேண்டாம். 17 வயசுன்னா கடைசிக் கடவாய்ப் பல்லு மொளைக்கற நேரம், வருஷம் ஒரு தடவை பொருத்தம் பாக்கணும். கிளிப் போட்டிருந்தா முன்கூட்டியே சொல்லுங்க, அதுக்கு வேற மாதிரி செய்யணும்.

அடிவாரம்_சித்தப்பா

கிளிப் இல்லைங்க டாக்டர். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனே பட்டறைல பாதி நாள் லீவு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போறாராம், மாவு அச்சு எப்படி எடுக்கறாங்கன்னு பாக்கணும்ங்கறாரு.